பொருத்தில் பிறந்த பெயர்கள்

வேலை வெட்டி இல்லாமல் படுத்திருப்பவரை ‘மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான்’ என்று இன்றும் சொல்கிறோம். சொல்பவர், கேட்பவர், சொல்லப்படுபவர் மூவரின் தலைக்கு மேலும் இருப்பது பெரும்பாலும் தட்டையான கான்கிரீட் தளம். அதில் மோடும் கிடையாது, வளையும் கிடையாது. கூரையின் இரண்டு சரிவுகளும் கூடும் முகட்டில் நீளவாக்கில் படுத்திருக்கும் மரம்தான் முகட்டுவளை, பேச்சில் மோட்டுவளை. மரம் போன பின்னும் மரபுத்தொடர் நிற்கிறது. ‘விட்டம்’ என்ற சொல்லின் கதை வேறு. சுவருக்குச் சுவர் குறுக்கே போடும் மரத்துக்கு அது பெயர். வட்டத்தின் குறுக்கே மையம் வழியாகச் செல்லும் கோட்டுக்கும் அதுவே பெயர். இன்றைய மாணவர் அந்தச் சொல்லைக் கணக்குப் புத்தகத்தில்தான் சந்திக்கிறார். கூரையில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு.

கட்டட உறுப்புகளின் பெயர்கள் மரத்திலிருந்து கல்லுக்கு எளிதாகத் தாவின. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தன. அதே பெயர்கள் கான்கிரீட்டுக்குத் தாவவில்லை. ‘உத்திரம்’ கல்லிலும் உத்திரமாகவே இருந்தது. கான்கிரீட்டில் ‘பீம்’ ஆகிவிட்டது. ஆங்கில மோகம் என்று ஒரே வரியில் இதை முடித்துவிடலாம். அது பாதி விளக்கம்தான். மீதியைக் கட்டுமான முறையில் தேட வேண்டும். அதற்குக் காவிரிப் படுகையின் கடலோரமும், அதில் காரைக்காலுக்குத் தெற்கே உள்ள போலகத்தைச் சுற்றிய பகுதியும் நல்ல களம்.

கல் இல்லாத ஊரில் கல்வீடு

போலகம் புதுச்சேரி ஆட்சிப்பகுதியின் திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்தது. வடக்கே காரைக்கால், தெற்கே நாகூர். இன்று வெளியூர்க்காரருக்கு அந்தப் பெயர் தொழிற்பேட்டையாகத்தான் தெரியும். இந்த நிலம் முழுக்க ஆற்று வண்டலும் கடல் மணலும். பாறை என்பது கண்ணில் படாது. அதனால் இங்கே கொத்தனார் ‘கல்’ என்றால் அது செங்கல். குடிசைகளுக்குப் பதில் நிலையான வீடு கட்ட உதவும் புதுச்சேரி அரசின் காமராஜர் நூற்றாண்டுத் திட்டத்தையும் மக்கள் ‘கல்வீடு கட்டும் திட்டம்’ என்றே அறிவார்கள். அந்த வீட்டில் இருப்பது செங்கல்லும் சிமெண்டும் கம்பியும்தான்.

கருங்கல் இல்லாத நாட்டில் ஒரு காலத்தில் கோயில்களும் செங்கல்லாலும் மரத்தாலுமே எழுந்தன. பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி, படுகையின் பழைய செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். கோனேரிராசபுரமும் ஆடுதுறையும் அவற்றில் அடங்கும். நாகப்பட்டினத்துக்கு அருகில் அவர் பெயரிலேயே ஓர் ஊர் உண்டு. அந்தக் கோயில்களின் ஒவ்வொரு கல்லும் மேற்கேயிருந்து கொண்டுவரப்பட்டது. கல்தான் வெளியூர்ச் சரக்கு. அதன் மேல் ஏறிய பெயர்கள் பழைய மரவேலையிலும் செங்கல் வேலையிலும் ஊறியவை.

கட்டுவது என்றால் கட்டுவதுதான்

கீற்றுக் குடிசையிலிருந்து தொடங்கலாம். நான்கு மூலையிலும் கால். உச்சியில் கவை விட்ட மரமாக இருந்தால் கவைக்கால். கவையில் படுப்பது வளை. முகட்டுவளையிலிருந்து சுவர்ப்பக்கத்து வளைக்குச் சாய்வாக இறங்குவது கைமரம். மூங்கிலாக இருந்தால் வாரை. வாரைகளுக்குக் குறுக்கே நெருக்கமாகக் கட்டுவது வரிச்சு. வரிச்சின் மேல் கீற்று. கூரை சுவரைத் தாண்டித் தாழும் விளிம்பு இறவாணம், பேச்சில் எரவாணம். அரிவாளும் பன்னரிவாளும் செருகப்படும் இடம் அது. அதன் நிழலில் அமையும் நடை தாழ்வாரம்.

இந்த அமைப்பில் ஆணிக்கு அதிக வேலை இல்லை. காலோடு வளை, வளையோடு வாரை, வாரையோடு வரிச்சு என எல்லாம் கயிற்றால் கட்டப்படுபவை. வீடு ‘கட்டுகிறோம்’ என்பதில் உள்ள வினை இதுதான். இந்தக் கடற்கரையில் மீனவரின் பழைய மிதவையும் கட்டுமரம்தான். பெரிய வீட்டின் அடுத்தடுத்த பகுதிகளை முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்று எண்ணுவதிலும் அதே சொல் இருக்கிறது.

ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் எப்படி வந்தது என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். ஒரு துண்டு இன்னொன்றைச் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் தேவைப்படுகிறது. ‘இதை அதில் கட்டு’ என்று ஒருவர் கீழிருந்து சொல்லும்போது, கூரைமேல் இருப்பவருக்கு எது இது, எது அது என்று தெரிய வேண்டும். வடிவத்தாலோ மரவகையாலோ அல்ல, இருக்கும் இடத்தாலும் செய்யும் வேலையாலும்தான் பெரும்பாலான பெயர்கள் அமைந்தன. காலாக நிற்பது பூவரசா, பனையா, தேக்கா என்பது பொருட்டில்லை. நின்று தாங்கினால் அது கால்.

தச்சர் கைக்கு வந்தபின்

வசதி கூடக்கூடக் கட்டு பொருத்தாக மாறுகிறது. தேக்குத் தூணும் முற்றமும் உள்ள ஓட்டுவீட்டில் தச்சரின் உளி வேலை செய்கிறது. ஒரு மரத்தின் முனையைக் குறுக்கி எடுத்த கழுந்து, இன்னொன்றில் பொளித்த துளைக்குள் போகிறது; பலகை இறங்கக் காடி எடுக்கப்படுகிறது; தளர்ந்த இடத்தில் ஆப்பு இறங்குகிறது. கயிறு செய்த வேலையை மரமே செய்கிறது. பெயர்களும் கூடுகின்றன.

தூணின் தலையில் நேரடியாக உத்திரத்தை வைப்பதில்லை. இடையில் இருபுறமும் நீண்ட ஒரு கட்டை வரும். அதுதான் போதிகை. அதற்கு இரண்டு வேலை. தூணின் சிறிய தலைமேல் விழும் பாரத்தை அகலமான இடத்தில் வாங்கிக் கீழே இறக்குவது ஒன்று. இரண்டு தூண்களுக்கு நடுவே உத்திரம் தாங்கலின்றிப் போகும் தூரத்தைக் குறைப்பது இன்னொன்று. இரண்டு உத்திரங்கள் முனைக்கு முனை சேரும் இடமும் பெரும்பாலும் போதிகைக்கு மேல்தான் விழும்.

கதவும் நிலையும் தனி உலகம். நிற்கும் இரண்டு மரங்கள் நிலைக்கால்கள். வீட்டு முன்வாசலுடையது வாசக்கால். கீல் வருவதற்கு முந்தைய கதவில், பலகையின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் துருத்திய முளைகள் நிலையின் குழிகளில் சுழலும். அந்த முளைக்குப் பெயர் குடுமி. தாழ்ப்பாள் சென்று மாட்டும் வளையம் நாதாங்கி.

இவற்றில் சில பெயர்கள் எவ்வளவு பழையவை என்பதற்குச் சங்கப் பாட்டான நெடுநல்வாடை சான்று. அரண்மனை கட்டத் தொடங்குமுன் நிழல் பார்த்து, நூல் பிடித்துத் திசை குறிப்பதை அது விவரிக்கிறது. வாயிலின் மேல் படுக்கும் பெருமரத்தை நேராகப் பெயர் சொல்லாமல், ஒரு நட்சத்திரத்தின் பெயர் கொண்ட மரம் என்று சுற்றிச் சொல்கிறது. உத்தரம் (உத்திரம்) என்ற நட்சத்திரத்தின் பெயரும் மரத்தின் பெயரும் ஒன்று என்பதால் கேட்டவர்க்கு விடை உடனே விளங்கியிருக்கும். தச்சுச் சொல்லை விடுகதையாக்கிப் புலவர் விளையாட முடிந்தது என்றால், அது பட்டறைக்கு வெளியேயும் பொதுச்சொல்லாகப் புழங்கியிருக்க வேண்டும். வடமொழி வழியே வந்த சொல் அப்போதே தமிழ்க் கூரையில் ஏறிவிட்டது என்பதும் தெரிகிறது.

மரத்தை மறக்காத கல்

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குன்றைக் குடைந்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குச் செய்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டில் பெருமைப்படுகிறான். அந்தப் பெருமையே அதுவரை கோயில்கள் எதனால் கட்டப்பட்டன என்பதற்கான பட்டியலாகவும் அமைந்துவிட்டது. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று வழங்குவது கூரைக்குடிசையின் கல் வடிவம்.

கல்லின் குணம் வேறு. அழுத்தத்தை எவ்வளவும் தாங்கும், வளைத்தால் உடையும். மர உத்திரம் தாண்டும் தூரத்தைக் கல் உத்திரம் தாண்டாது. அதனால் தூண்கள் நெருங்கி வந்தன. மரத்தில் இருந்ததைவிடக் கல்லில் போதிகைக்கு வேலை கூடியது. தூணும் போதிகையும் உத்திரமும் கல்லிலும் தனித்தனித் துண்டுகள்தான், ஒன்றன்மேல் ஒன்று அமர்பவைதான். பொருத்து மாறவில்லை, பெயரும் மாறவில்லை.

போதிகை என்ற இந்த ஒரே உறுப்பை வைத்துத் தென்னிந்தியக் கோயில்களுக்குக் காலம் கணிக்கலாம் என்று காட்டியவர் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த காப்ரியேல் ழூவோ துப்ரேய் (1885–1945). 1914இல் பாரிசில் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய தென்னிந்தியத் தொல்லியல் நூலின் கட்டடக்கலைப் பகுதி, 1917இல் ஆங்கிலத்திலும் சுருக்கமாக வந்தது. பல்லவர் காலத்தில் அலையலையாகச் சுருண்ட தரங்கப் போதிகை. சோழர் காலத்தில் சாய்வாக வெட்டி நடுவில் ஒரு முளை துருத்திய வடிவம். விசயநகரக் காலத்தில் அந்த முளையே மொட்டாகித் தலைகீழாகத் தொங்கும் புஷ்பப் போதிகை என்று அவர் வரிசை கண்டார். அவர் சம்ஸ்கிருத நூல்களோடு நிற்கவில்லை. அன்று கோயில் திருப்பணியில் இருந்த தமிழ்ச் சிற்பிகளிடம் உறுப்புகளின் பெயரைக் கேட்டார். பழங்கோயிலின் பேச்சு உயிருள்ள பட்டறையில் இருந்தது.

அவருக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இதே வழியில் போனவர் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்த ராம் ராஸ். இந்தியக் கட்டடக்கலை பற்றிய அவருடைய கட்டுரை, அவர் இறந்தபின் 1834இல் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியால் வெளியிடப்பட்டது. சிற்ப நூல்களைப் படிக்கத் தெரிந்த பண்டிதருக்குத் தொழில் தெரியவில்லை. தொழில் தெரிந்தவருக்கு சம்ஸ்கிருதம் தெரியவில்லை. இந்த இடைவெளியை ஒரு தஞ்சைச் சிற்பியின் துணையோடுதான் அவரால் கடக்க முடிந்தது. பிறகு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வழியே புருனோ தாஜான் மயமதம் என்ற சிற்ப நூலைப் பதிப்பித்துப் பிரெஞ்சில் 1970களில் மொழிபெயர்த்து முடித்தார். அதிட்டானம், கால், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், தூபி என்று கோயிலை ஆறு உறுப்பாகப் பிரிக்கும் சாத்திர முறை இந்த நூல்களில் உண்டு. சாத்திரத்தில் ‘பாதம்’, பட்டறையில் ‘கால்’. சாத்திரத்தில் ‘கபோதம்’, பட்டறையில் ‘கொடுங்கை’. இரண்டு வரிசைகளும் ஒரே கட்டடத்தின் மேல் அருகருகே வாழ்ந்தன.

கொடுங்கையில்தான் மரத்தின் நினைவு உச்சத்துக்குப் போகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில், வளைந்து இறங்கும் கல் இறவாணத்தின் அடிப்பக்கத்தில் கைமரங்களும் குறுக்குச் சட்டங்களும் அவற்றை இறுக்கும் ஆணிகளும் கல்லிலேயே செதுக்கப்பட்டுள்ளன. அந்த ஆணிகள் எதையும் தாங்கவில்லை. ஆனாலும் கல்தச்சர் அவற்றை விடவில்லை. திருவலஞ்சுழிப் பலகணியும் ஆவுடையார்கோயில் கொடுங்கையும் நீங்கலாக எது வேண்டுமானாலும் செய்து தருகிறோம் என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்கள் என்பது வழிவழிச் செய்தி. கிரேக்கக் கோயில்களின் மேல்வரிசையில் காணும் முப்பட்டைக் கற்கள் பழைய மர உத்திரங்களின் முனைகளிலிருந்து வந்தவை என்று ரோமானியர் விட்ருவியுஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். மரத்தைக் கல்லில் தொடர்வது நமக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல.

எல்லாம் கல்லாகிவிடவும் இல்லை. சிதம்பரத்தின் தில்லைச் சிற்றம்பலம் இன்றும் மரக் கட்டமைப்புதான். அதன் பொற்கூரைக்கு 64 கைமரங்கள், 21,600 ஓடுகள், 72,000 ஆணிகள், 9 கலசங்கள் என்று சைவ மரபு கணக்குச் சொல்கிறது. கைமரம் ஆய கலைகளையும் ஓடு ஒரு நாளின் மூச்சுகளையும் ஆணி நாடிகளையும் குறிக்குமாம். தச்சரின் பொருள் பட்டியல் அப்படியே தத்துவப் பட்டியலாகிவிட்டது.

நான்கு கொடிகள், சில சொற்கள்

இந்தக் கரையில் ஐரோப்பியர் வந்து தங்கியது நீண்ட கதை. நாகப்பட்டினத்தில் போர்த்துக்கேயர், 1658இலிருந்து டச்சுக்காரர். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனியர். காரைக்காலில் 1739 முதல், இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போய்வந்து, 1954 வரை பிரெஞ்சுக்காரர். கட்டட மொழியில் இவர்கள் விட்டுச்சென்றதைப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை நான்கும் போர்த்துக்கேயச் சொற்கள். திறப்பவை, பூட்டுபவை, உள்ளே வைப்பவை. பாரம் தாங்கும் தூண், உத்திரம், வளை, கைமரம் ஆகியவை இங்கே அசையவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்தில் குறுக்கு உத்திரத்துக்கே ‘தீராந்தி’ என்ற பெயர் உண்டு. அதுவும் போர்த்துக்கேய வரவுதான். யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரை நேரடியாக ஆண்டனர். தேவாலயங்களும் கோட்டையும் அவர்கள் மேற்பார்வையில் எழுந்தன. தச்சர் அந்நியரின் திட்டத்தின்படி கூரை ஏற்ற வேண்டியிருந்த இடத்தில் உத்திரத்தின் பெயர் மாறியது. தம் முறையிலேயே கூரை ஏற்றிய இடத்தில் மாறவில்லை என்பது என் ஊகம்.

இந்த ஊகத்துக்குத் துணை செய்வது ‘ரீப்பர்’. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் அந்த வகை ஓடு தென்னாடெங்கும் பரவியது. நாட்டு ஓடு வரிச்சின் மேல் எப்படியும் அமரும். அச்சில் வார்த்த சீமை ஓடு அப்படி இல்லை. ஒரே இடைவெளியில், ஒரே பருமனில் அறுத்த சட்டங்கள் அதற்கு வேண்டும். கட்டிய மூங்கில் வரிச்சு போய், ஆணி அடித்த ரீப்பர் வந்தது. வேலை மாறியது, பெயர் மாறியது. அதே கூரையில் வேலை மாறாத கைமரம் தன் பெயரோடு தங்கிவிட்டது.

மெத்தை வீட்டுத் தளத்திலும் இதே நிலை. மெட்ராஸ் டெரஸ் என்ற முறையில் உத்திரங்களுக்கு மேல் நெருக்கமாக மரக்கட்டைகளைப் பரப்பி, மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் மூலைசாய்வாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டு கிடையாது. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் திமிசுக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து, தட்டோடு பதிப்பார்கள். முறையின் பெயர் ஆங்கிலம். உள்ளிருக்கும் ஒவ்வோர் உறுப்பும் தமிழ்.

உருகி ஒன்றான வீடு

கான்கிரீட் இந்த வரிசையை உடைத்தது. தூணும் உத்திரமும் தளமும் தனித்தனியாகச் செய்து பொருத்தப்படுவதில்லை. கம்பிக்கூடு தொடர்ச்சியாக ஓட, கலவை ஊற்றப்பட்டு எல்லாம் ஒரே உடலாக இறுகுகிறது. போதிகைக்கு அங்கே இடமே இல்லை, ஏனென்றால் எதுவும் எதன்மேலும் ‘அமரவில்லை’. பொருத்து மறைந்ததால், பொருத்துக்குப் பக்கத்தில் நின்று பெயர் சொல்ல வேண்டிய தேவையும் மறைந்தது. உறுப்புகள் இப்போது முதலில் வரைபடத்தில் பிறக்கின்றன. வரைபடத்தின் மொழி பீம், காலம், லிண்டல், ஸ்லாப். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிக் கட்டடப் பொறியியல் தொடங்கியது. கற்காரையும் (கான்கிரீட்) உத்திரமும் பாடநூலுக்குத் திரும்பின. சாரத்தில் நிற்பவரின் வாய்க்கு அவை இன்னும் இறங்கவில்லை.

ஆனால் கான்கிரீட் வேலையிலும் தமிழ் எங்கே தங்கியிருக்கிறது என்று கவனித்தால் விடை தெளிவாகும். சவுக்கு மரத்தால் சாரம் கட்டுகிறார்கள். பலகைக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். கம்பி கட்டுகிறார்கள், அதுவும் கட்டுக்கம்பியால். கலவை விழும் நொடிவரை துண்டுகள் தனித்தனியாக இருக்கின்றன. கை அவற்றை இணைக்கிறது. அந்த வேலைகளுக்குத் தமிழ்ப் பெயர் இருக்கிறது. நிலையும் அப்படித்தான். கான்கிரீட் வீட்டிலும் வாசக்கால் பெரும்பாலும் மரம்தான், தச்சர்தான் செய்கிறார். மஞ்சள் குங்குமமிட்டு, அடியில் நவதானியமும் காசும் போட்டு, நல்ல நேரம் பார்த்து நிறுத்துகிறார்கள். அன்று தச்சருக்குத் தாம்பூலமும் வேட்டியும் உண்டு. வாசக்கால் என்ற சொல்லை யாரும் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை.

யாருடைய சொற்கள்

பழைய வீட்டின் சொற்களைப் போற்றும்போது அந்த வீடு யாருக்கு வாய்த்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். உத்திரமும் போதிகையும் நிலமுடையவரின் வீட்டில் இருந்தன. நிலத்தில் உழைத்தவருக்குக் கவைக்காலும் வாரையும் கீற்றும். சாத்திரம் எதுவும் அந்தக் குடிசைக்குப் பெயர்ப்பட்டியல் எழுதவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று நாகப்பட்டினத்துக்கு அருகே கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 2004 ஆழிப்பேரலையில் காரைக்கால் கடற்கரையில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர்; 2018இல் கஜா புயல் நாகைப் பகுதியின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. இவற்றைக் கண்டவருக்குக் கல்வீடு என்பது எரியாத, பறக்காத வீடு. அவரிடம் போய் வரிச்சு என்ற சொல் அழிகிறதே என்று வருந்துவதில் பொருளில்லை.

அதே நேரத்தில் கான்கிரீட்டுக்கும் இந்தக் கரையில் ஆயுள் கேள்வி உண்டு. உப்புக்காற்றின் குளோரைடு கலவைக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு பருத்துச் சிமெண்டைப் பிளந்து தள்ளுகிறது. அடியில் கம்பி தெரியும் தளத்துக்கு ஒட்டுப் போடலாம். கெட்ட துண்டைக் கழற்றி வேறு துண்டு மாட்ட முடியாது. ஓட்டுக் கூரையில் ஒரு கைமரத்தைக் கறையான் அரித்தால் அந்த ஒன்றை மட்டும் உருவிவிட்டு வேறு செருகலாம். பெயருள்ள உறுப்பு என்பது தனியாகப் பழுது பார்க்கக்கூடிய உறுப்பு.

ஆகவே இச்சொற்களைச் சேகரிப்பது மொழிப்பற்று சார்ந்த வேலை மட்டுமல்ல. புதுச்சேரியில் வைசியாள் தெருவின் தமிழ் வீடுகளும் தரங்கம்பாடியின் பழைய வீடுகளும் மரபுக் காப்பு அமைப்பான இன்டாக்கின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டன. அத்தகைய வேலை நடக்குமிடத்தில் தச்சரும் கொத்தனாரும் பொறியாளரும் ஒரே உறுப்பை ஒரே பெயரால் சுட்ட வேண்டியிருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசுக் கல்லூரி கோயில் உறுப்புகளின் சொற்களைக் கற்பிக்கிறது. வீட்டின் சொற்களுக்கும் குடிசையின் சொற்களுக்கும் அப்படியோர் இடம் வேண்டும். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்தார். பின்னாளில் புதுச்சேரியிலேயே வாழ்ந்து 2021இல் மறைந்தார். காரைக்கால் பகுதிக்கு அதே மாதிரியில் ஒரு கட்டடச் சொல்லகராதி செய்யலாம். சொல்லை மட்டும் எழுதினால் போதாது. எந்த ஊரில், எந்தத் தொழில் செய்பவர் சொன்னார், அந்த உறுப்பு எதன்மேல் அமர்கிறது, எதைத் தாங்குகிறது, எப்படிக் கழற்றுவது என்பதும் படத்தோடு வர வேண்டும். தச்சர், கொத்தனார், கீற்று வேய்பவர், படகு கட்டுபவர் நால்வரையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒரே உறுப்புக்கு நால்வரும் வேறு பெயர் சொன்னால் நான்கையும் பதிய வேண்டும். இடிக்க நாள் குறித்த ஓட்டுவீடுகளிலிருந்து தொடங்குவதே சரி. ஓடும் கைமரமும் ஒவ்வொன்றாக இறங்கும் அந்தச் சில நாட்களில்தான் பொருத்துகள் எல்லாம் திறந்து கிடக்கும். எதற்கு என்ன பெயர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியும்.